போசினாவின் திருத்த அறிவிப்பு

பிற்பகல் மூன்று மணிக்கு லா மரேயா குடியிருப்பு பாதித் தூக்கத்தில் இருக்கும். வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் தலைநகர் சான் ஹுவான் வெயிலில் கலங்கித் தெரியும். அந்த நேரத்தில்தான் டமாரிஸ் கோத்தோவின் வண்டி, ஆள் நடக்கிற வேகத்தில் தெருவுக்குள் நுழையும். முதுகில் பதினாறு ஒலிபெருக்கிகளைச் சுமக்கிற பழைய வெள்ளை வண்டி. இந்த மாதிரி வண்டிகளுக்கு எங்கள் தீவில் தேங்காய் உதிர்ப்பான் என்று பெயர். சத்தத்தில் மரத்துத் தேங்காய் விழுமாம். விழுந்து நான் பார்த்ததில்லை. நிறுத்தி வைத்த கார்கள் அலறுவதைத் தினமும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் டமாரிஸ் பேச ஆரம்பித்தால் தூங்குகிறவர்கள் விழிப்பதில்லை. அவளுடைய அறிவிப்புக் குரல் வெதுவெதுப்பானது, அவசரமில்லாதது. ஜன்னல் பலகைகளுக்கு நடுவே நுழைந்து நேராகக் கனவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரோ ஒருவர் கனவில் செத்துப்போன தம்பியோடு டோமினோ ஆடிக்கொண்டிருப்பார். தம்பி தலையை நிமிர்த்தி, "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இலவசக் கண் பரிசோதனை" என்பான். எழுந்த பிறகு அவர் சனிக்கிழமை தவறாமல் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வருவார். ஊர் முழுக்கச் செய்தி சொல்கிறவளுக்கு டமாரிஸ் என்று பெயர் அமைந்தது தற்செயல்தான்; தமிழ்க் காதுக்கு மட்டும்தான் அதில் டமாரம் கேட்கும்.

வண்டி, காலமான அவளுடைய அப்பா தோன் ஃபேலோவுடையது; தோன் என்பது எங்கள் ஊரில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதை, பெண்களுக்குத் தோன்யா. தேர்தல், சாவு, பிங்கோ, காணாமல் போன நாய் என்று எதுவானாலும் அவர் வண்டிதான். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. அறிவிப்பில் தப்பு வந்துவிட்டால், தப்பைச் சொன்ன எல்லாத் தெருவுக்கும் திரும்பப் போக வேண்டும். அதே வேகம், அதே சத்தம், அதே நேரம். அதற்குத் திருத்தம் என்று பெயர். ஒருமுறை பக்கத்துத் தெருவில் செயோ என்று இன்னொருவர் இறந்தபோது, அவர் பெயர் குழம்பி, உயிரோடிருந்த தோன் செயோவை இறந்தவராக அறிவித்துவிட்டார். மாலைக்குள் நாற்பது பேர் அழுதுகொண்டு வந்து நின்றார்கள். தோன் செயோ அரைக்கால் சட்டையோடு பால்கனியில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பிற்பகல் அதே தெருக்களில், "தோன் செயோ இறக்கவில்லை, நலமாக இருக்கிறார், வருந்துகிறோம்" என்று வண்டி போனது. எட்டு வயது டமாரிஸ் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தோன் செயோ ஜனாதிபதி மாதிரி கையசைத்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது அவளுக்கு முப்பத்தேழு. காதுக்கு மேலே இருபக்கமும் மழித்த தலை, ஒரு தங்கப்பல், கழுத்தில் தடித்த சங்கிலி, பத்து விரலிலும் பத்து நிறம். வெள்ளிக்கிழமைகளில் கப்பல்துறைக்குப் பின்னால் உள்ள வெற்றுமனையில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அதில் ஏறி நின்று ராப் பாடுவாள். அங்கே அவள் பெயர் லா போசினா, அதாவது ஒலிபெருக்கி. எங்கள் ராப்பில் பணிவுக்கு வேலையே இல்லை. பாட்டு ஆரம்பிக்கும்போதே உன் பெயரைச் சொல்ல வேண்டும், உன் தெருவைச் சொல்ல வேண்டும், உன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்ல வேண்டும். அடக்கமாகப் பாடுகிறவனைப் பார்த்தால் உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்கள். போசினாவுக்கு அடக்கம் வராது. அது அவளுடைய இரண்டாவது குரல். நெஞ்சைத் தட்டிக்கொண்டு வரும். பக்கத்துக் குடியிருப்புச் சுவரில் மோதித் திரும்பும்போது இன்னும் திமிரோடு திரும்பும்.

மூன்றாவதாகவும் ஒரு குரல் இருந்தது. அதைக் கேட்டவள் ஒருத்திதான்.

அவள் நில்சா ரோப்ளெஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இரண்டரைக்கு வீடு திரும்பி, தேங்காய்ப்பால் ஐஸைக் காகிதக் கோப்பைகளில் உறையவைத்து மாடி ஜன்னல் வழியாகத் தெருப் பிள்ளைகளுக்கு விற்பாள். டமாரிஸின் அம்மா வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். டமாரிஸின் விரல்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறம் பூசியது அவள்தான். ஒன்பது வருடமாக டமாரிஸ் பின்பக்கத்து மரப்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போய், உலகத்தில் யாருக்கும் கேட்காத அந்தக் குரலில் பேசினாள். கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, அன்றைக்கு அறிவித்ததையெல்லாம் நில்சாவின் தோளில் வாய்வைத்துத் திரும்பச் சொல்லுவாள். மேத்தா தெருவில் சோபா விற்பனைக்கு. ஒற்றைக்கண் பூனை காணவில்லை. நில்சா சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள். தெருவைப் பொறுத்தவரை அவள் டமாரிஸின் சித்தி மகள். ஆர்ரொயோ ஊரிலிருந்து வந்த சொந்தம்.

இப்படியே இன்னும் ஒன்பது வருடம் போயிருக்கும். ஃபீலோ வாயைத் திறந்ததால் போகவில்லை.

ஃபீலோ அடுத்த குடியிருப்பான பூந்தா பிராவாவின் ராப் பாடகன். பஞ்சர் கடை வைத்திருந்தான். அவனும் போசினாவும் வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒருவரை ஒருவர் திட்டிப் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள். அது இந்த இசையின் மரபு. திட்டினால் ஒரு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் தோற்றதாக அர்த்தம். பாடுகிறவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய குடியிருப்பே தோற்றதாக அர்த்தம். அந்த வாரம் எல்லாருடைய போனிலும் ஃபீலோவின் பாட்டு ஓடியது:

ஊர்ச் சாவுக்கெல்லாம் வாய் கிழியுது போசினா,
உன் வீட்டு மாடிப்படியில ஏன் ஊமையா போன?
மேல இருக்கிறவ பேரைச் சொல்லு பாப்போம்,
சொல்ல தைரியமில்லன்னா மைக்கை எங்கிட்ட குடு.

டமாரிஸ் வண்டிக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டாள். காது மடல் சுட்டது. இனிமேல் தெருவில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தாள். சூடான ரொட்டி வாங்கப் பேக்கரிக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கல்லாவில் இருந்த மிக்தாலியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்புள்ள, அவன் பாட்டு வந்து மூணு நாள் ஆச்சு. நீ என்ன பண்ணிட்டிருக்க?"

"எழுதிட்டிருக்கேன்."

"சீக்கிரம் எழுது. பூந்தா பிராவாக்காரி ஒருத்தி காலையில வந்து ரொட்டியும் வாங்கிட்டுப் பல்லையும் காட்டிட்டுப் போறா. எனக்கு வயிறு எரியுது."

முடிவெட்டுகிற கடையிலும் அதே பேச்சு. டோமினோ மேசையிலும் அதே பேச்சு. அவன் சொன்னது உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை. பதில் எப்போது என்றுதான் கேட்டார்கள். அதில் ஒரு செய்தி இருந்தது. பயந்துகொண்டிருந்த டமாரிஸுக்கு அது புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பதில் போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அருமையான பாட்டு. ஃபீலோவின் தொப்பி, தொப்பை, இரவல் சங்கிலி எதையும் விட்டுவைக்கவில்லை. ஊர் உருண்டு புரண்டு சிரித்த இடம் கடைசி நாலு வரி:

பஞ்சர் ஒட்டுற பயலுக்குப் பாட்டு எதுக்கு,
காத்தை அடைச்சுக் குடுத்தா கவிதை ஆயிடுமா?
மேல இருக்கிறவ எங்க சித்தி மக,
கீழ உனக்கு ஆளில்லன்னா என்மேல ஏன் கோபம்?

லா மரேயாவின் பதினோரு தெருவிலும், பூந்தா பிராவாவின் ஆறு தெருவிலும் வண்டியை ஓட்டி முழுச்சத்தத்தில் போட்டாள். பால்கனிகளில் ஆட்கள் துள்ளினார்கள். மிக்தாலியா மாவுக்கையோடு வெளியே வந்து முத்தம் பறக்கவிட்டாள். போசினா ஜெயித்துவிட்டாள். கால் தரையில் பாவாமல் வீடு திரும்பினாள்.

மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. கீழே ஐந்தாறு பிள்ளைகள் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள்.

அவள் பின்படியேறிக் கதவைத் தட்டினாள். நில்சா திறந்தாள். அழுத முகம் இல்லை. அழுதிருந்தால் டமாரிஸுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"பாட்டு நல்லா இருந்துச்சு" என்றாள் நில்சா.

"நில்சா, அது சும்மா வரிக்காக..."

"தெரியும். நீ எல்லார் பேரையும் சொல்ற. காணாமப்போன பூனைக்குக்கூட ரெண்டு தெரு சுத்துற. உங்க அப்பா சாவு அறிவிப்பை நீதான் வாசிச்ச. குடும்பத்துல பதினேழு பேரோட பேரை வாசிச்ச. நியூயார்க்ல இருந்து ஒரு பூகூட அனுப்பாத உங்க பெரியப்பன் பேர்கூட வந்துச்சு. நான் எங்க இருந்தேன் தெரியுமா? 'மற்றும் உறவினர்கள்'ல இருந்தேன்."

டமாரிஸ் அவள் கையைப் பிடிக்கப் போனாள். நில்சா கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"உங்க அப்பாவைக் குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன், கடைசி ஸ்பூன் ஐஸ் நான்தான் ஊட்டினேன். அன்னிக்கு விட்டுப்போச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். விட்டுப்போறது வேற. இல்லன்னு சொல்றது வேற. நீ இன்னிக்கு பதினேழு தெருவுல இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்க."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவளுக்குக் கோபம் வந்தாலும் கதவை அடித்துச் சாத்தத் தெரியாது. அதுதான் டமாரிஸை அதிகமாக வாட்டியது.

மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை. டமாரிஸ் கனவில் நடப்பவள் மாதிரி வண்டி ஓட்டினாள். அறிவித்ததெல்லாம் சுவர்களில் மோதித் திரும்பும்போது வேறு யாரோ ஒரு பெண் பேசுவது போலிருந்தது. எதற்கும் கலங்காத, எதையும் ஒளிக்காத ஒரு பெண். அவளை எங்காவது வழியில் பார்த்தால் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மதியம் மின்சாரம் போனது. எங்கள் தீவில் அது செய்தியே அல்ல. மின்விசிறி நின்றது, தொலைக்காட்சிகள் அடங்கின, தெரு மொத்தமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு வந்தது. டமாரிஸ் சமையலறையில் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தோன்யா எனெய்தா, பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பி, கணுக்கால் வரை பாவாடையும் கையில் கஞ்சிராவுமாக நின்றாள். பெந்தகொஸ்தே சபையில் நாற்பது வருடமாக அந்தக் கஞ்சிராவைத் தட்டுகிறவள். மகளுடைய ராப்பை அவள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

"உன் பாட்டைக் கேட்டேன்" என்றாள்.

"கேக்காம எப்படி இருப்ப? பதினாறு ஸ்பீக்கர்."

"பேதுருவும் அன்னிக்கு, சேவல் கூவுறதுக்கு முன்னாடி, நெருப்புப் பக்கத்துல நின்னு, ஆண்டவரைப் பத்திக் கேட்டவங்ககிட்ட, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொன்னான். கேட்டவங்க நம்பிட்டாங்க. ஜெயிச்சுட்டான்னுதான் வெச்சுக்கயேன்."

அடுத்த வீட்டுச் சேவல் கூவியது. அது நாள் முழுக்கக் கூவுகிற கிறுக்குச் சேவல்தான். இருந்தாலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"பின்படியில எட்டாவது பலகை முனகும். ஒன்பது வருஷமா முனகுது. எனக்கு முட்டிதான் கெட்டுப்போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நீ..."

"நான் ஒத்துக்கிட்டேன்னு நினைக்காத. ஆண்டவர்கிட்ட ஒன்பது வருஷமா இதைப் பேசிட்டிருக்கேன். அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல. பொய் சொல்லாதேன்னு மட்டும் தெளிவா எழுதி வெச்சிருக்கார்." தோன்யா எனெய்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சித்தி மகள்னு முதல்ல சொன்னது நான்தான். பாஸ்டர் சம்சாரம் கேட்டா, வாயில வந்துருச்சு. எனக்குத் தங்கச்சியே கிடையாது. என் புருஷனைத் தூக்கிக் குளிப்பாட்டின பொண்ணு அவ." கஞ்சிராவின் சலங்கையை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உங்க அப்பா தப்பு பண்ணினா என்ன பண்ணுவாரு?"

டமாரிஸ் வண்டிச் சாவியை எடுத்தாள். அம்மா கஞ்சிராவோடு பின்னாலேயே வந்து முன்சீட்டில் ஏறினாள்.

வண்டிக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் உண்டு. மின்சாரம் இல்லாத ஊரில் அந்த வண்டி ஒன்றுக்குத்தான் வாய் இருந்தது. தெரு அப்படியொரு அமைதியில் இருந்தது. கரையில் அலை படகுகளை நக்குவதுகூடக் கேட்டது. டமாரிஸ் முதல் தெருவில் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து மைக்கை எடுத்தாள். முதலில் அறிவிப்புக் குரல்தான் வந்தது.

"கவனிக்கவும், அன்பான அக்கம்பக்கத்தாரே. ஒரு திருத்தம். செவ்வாய்க்கிழமை இந்த வண்டியில் ஒலித்த பாட்டில், மாடி வீட்டில் இருப்பவர் என் சித்தி மகள் என்று சொல்லப்பட்டது. அது தவறு. எனக்குச் சித்தி கிடையாது. மேலும், இரண்டு வருடத்துக்கு முன் தோன் ஃபேலோ கோத்தோவின் இறுதிச் சடங்கு அறிவிப்பில் குடும்பத்தார் பெயர்கள் பதினேழு வாசிக்கப்பட்டன. ஒரு பெயர் விடுபட்டது. பதினெட்டாவது பெயர், நில்சா ரோப்ளெஸ் பச்சேகோ."

இறந்தவர்களுக்கும் வேட்பாளர்களுக்கும் சொல்வது போல அப்பா வழி, அம்மா வழி இரண்டு குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அடுத்து வந்தது மூன்றாவது குரல். மாடியில், கொசுவலைக்குள் மட்டும் வாழ்ந்த குரல். பதினாறு ஒலிபெருக்கியில் அது வெளியே வந்தபோது அவளுக்கே யாரோ போலிருந்தது.

"எங்க அப்பாவை ஆறு மாசம் குளிப்பாட்டினவ. ஒன்பது வருஷமா என் ஆளு. எம் பொண்டாட்டின்னு சொல்லிக்க எனக்குத் தைரியம் இல்லாம இருந்துச்சு. இப்ப இருக்கு."

அந்தக் குரல் தெருவின் மேல் மெல்லப் பரவியது. நிழலில் கண்ணயர்ந்தவர்கள் கனவில் யாரோ ஒரு பெயரைச் சொல்லக் கேட்டார்கள். டோமினோக்காரர்களின் கைகள் அந்தரத்தில் நின்றன. சுவரில் மோதிய பெயர் ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்தது. ஊரே அவளுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டியது போலிருந்தது. கடைசி வார்த்தைகளுக்குப் போசினா தானாகவே எழுந்து வந்தாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு:

"வாசிச்சது லா போசினா. தெரு லா மரேயா. சந்தேகம் இருந்தா வண்டியை நிறுத்துங்க."

ஒருவரும் நிறுத்தவில்லை. நாலைந்து ஜன்னல்கள் படீரென்று சாத்தப்பட்டன. அதையும் சொல்லத்தான் வேண்டும். மிக்தாலியா பேக்கரி வாசலில் நின்று மாவுக்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவது தெருவில் சபைக் கட்டடம் வந்தது. வாசலில் பாஸ்டரின் மனைவி குடையோடு நின்றாள். டமாரிஸ் மைக்கைப் பொத்தினாள்.

"அம்மா, சர்ச் வந்துருச்சு."

"தெரியும். வண்டியை ஓட்டு."

தோன்யா எனெய்தா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அடுத்த முறை அந்தப் பெயரைச் சொன்னபோது, மடியிலிருந்த கஞ்சிராவை ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் இன்னொன்று. மைக்கில் அதுவும் விழுந்தது. லா மரேயாவில் அன்றைக்குக் கேட்ட ஒரே தாளம் அதுதான்.

பூந்தா பிராவாவில் ஃபீலோ கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். கரண்ட் இல்லாததால் காற்றடிக்கிற இயந்திரம் செத்துக் கிடந்தது. வண்டி பக்கத்தில் வந்ததும் எழுந்தான்.

"இதுக்கு நான் என்னன்னு பதில் பாடறது?"

"இது பாட்டு இல்லடா. அறிவிப்பு."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் சும்மா சீண்டத்தான் எழுதினேன். இப்படி ஆகும்னு நினைக்கல." பிறகு, மனசு கேட்காமல், "சரி, யாருதான் ஜெயிச்சது?" என்றான்.

"எனக்கே தெரியல. மாடியில போய்க் கேக்கணும்."

பதினேழாவது தெரு முடிந்து வண்டி வீட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது வெயில் சாய்ந்து, மாடிச் சுவர் பப்பாளிப்பழ நிறத்தில் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நில்சா இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி நின்றாள். கீழே பிள்ளைகள், டோமினோக்காரர்கள், நாற்காலியோடு வந்துவிட்ட பாதித் தெரு. டமாரிஸ் இறங்கித் தெருவில் நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு." நில்சா ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள். "அறிவிப்புல ஒரு தப்பு இருக்கு."

டோமினோக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

"உங்க அப்பாவை ஆறு மாசம் இல்ல, ஏழு மாசம் குளிப்பாட்டினேன்."

டமாரிஸுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் தங்கப்பல் தெரியச் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். திருத்தம் என்றால் பதினேழு தெருவும் மறுபடி போயாக வேண்டும். அதே வேகம், அதே சத்தம்.

நில்சா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். பின்பக்கத்து எட்டாவது பலகை முனகவில்லை. அவள் முன்வாசல் வழியாக இறங்கி வந்தாள், கையில் மூன்று கோப்பை ஐஸோடு. மின்சாரம் இல்லாமல் அது பாதி உருகியிருந்தது. தோன்யா எனெய்தா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, சீட்டில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறு மகளே" என்றாள். "இந்தத் தடவை நீ பக்கத்துல இருந்து சரிபாரு. இவ கணக்கு எப்பவும் தப்பும்."